தரை ஏறிய வீடு

போன வாரம் அக்கா போன் செய்தாள். "தம்பி, தண்ணி உள்ள வந்துருச்சுடா."

அவ்வளவுதான்! பிரிக்பீல்ட்ஸிலிருந்து போர்ட் கிள்ளானுக்குப் பறந்தேன். காரின் பின்னால் கயிறு, டார்ச்லைட், காற்றடைத்த லோரி டியூப்... எனக்கு நீச்சல் தெரியாது பாருங்கள். காப்பாற்றப் போகிறவனை யார் காப்பாற்றுவது?

போய்ப் பார்த்தால், தண்ணீர் கணுக்கால் அளவு. அக்கா மேசைமேல் சம்மணம் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"டியூப் எதுக்குடா? குளிக்கவா வந்தே?"

எங்கள் வீட்டின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. ஊருக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்திலேயே கடலோரம் ஆசையாகக் கட்டிய வீடு. அமாவாசை, பௌர்ணமியின் பெரிய ஏற்றத்தில் கடல் சாக்கடை வழியாக உள்ளே வரும். உடனே அப்பா சிமெண்டு போட்டுத் தரையை உயர்த்துவார். கதவின் அடியை அறுப்பார். அடுத்த ஏற்றத்தில் கடல் இன்னும் கொஞ்சம்... அப்பாவும் இன்னும் கொஞ்சம்.

அக்கா வயதுக்கு வந்தபோது ஒரு தரை. என் கல்யாணத்துக்கு ஒரு தரை. அப்பாவின் கருமாதிக்கு ஒன்று — அது நான் போட்டது. கூரையை மட்டும் யாருமே உயர்த்தவில்லை! ஜன்னல் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஃபேன் சுற்றினால் நான் உட்கார்ந்தே நகர வேண்டும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அந்த வீட்டை விட்டால் அவளுக்கென்று எதுவும் இல்லை. இன்னொரு தரை போட்டால் இருந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தெரு சீனக் கொத்தனார் ஆ செங்கைக் கூட்டி வந்தேன். உள்ளே வந்து நிமிர்ந்தார். உத்திரத்தில் 'டங்'!

"தா போலே லா, பாஸ், முடியாது," என்று தலையைத் தேய்த்தார். "இனிமே ஏத்தினா அக்கா தவழ்ந்துதான் போகணும்."

அக்கா சிரிக்கவில்லை. "அப்பா இருந்தா ஏத்தியிருப்பாரு."

"அப்பா குள்ளம்க்கா."

அதற்கும் சிரிக்கவில்லை. மெதுவாக மேசையை விட்டு இறங்கினாள். தண்ணீரில் நின்றபடியே சாமி படங்களைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"உன் ஃபிளாட் எத்தனாவது மாடி?"

"நாலாவது."

"அங்க கடல் வராதுல்ல?"

"வராதுக்கா."

"வரவே வராதா?"

அந்தக் குரலில் இருந்தது பயமா, ஏக்கமா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

நாக்கு நுனிக்கு வந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்...

கடல் என்றைக்குச் சாவி கேட்டது?