சைமா வீட்டு நிலைப்படி

ஆர்வோவின் விரல்கள் பாசியைத் திணித்துக்கொண்டிருந்தன. ஈரப்பாசியைக் கயிறு போல முறுக்கி, குளிர்காற்று புகாதபடி சுவரின் இரண்டு தடிமரங்களுக்கு நடுவே வைத்து, மர ஆப்பால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினார். நகக்கண்களில் ரத்தம் கட்டியிருந்தது. நான் சைக்கிளை வேலியில் சாய்த்த சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.

"நர்ஸம்மா, காப்பி போடவா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"காப்பி அப்புறம். எப்ப வீட்டுக்கு வரலாம்னு உங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

"வீடு இன்னும் ஆகலையே."

"போன பனிக்கும் இதையேதான் சொன்னே."

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை முதியோர் விடுதிக்குப் போய் கிழவிகளுக்குக் கால் நகம் வெட்டிவிடுகிறேன். ஆர்வோவின் தாய் சைமாவின் கால் என் மடியில் இருக்கும்போதுதான் அவள் பேசுவாள். தொண்ணூறு தாண்டியவள். மற்றதெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் வீட்டைக் கேட்பாள்.

ஆர்வோ தச்சர் இல்லை. ஆயுள் முழுக்க மர லாரி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாயும் மகனுமாக அந்த ஏரிக்கரை மரவீட்டில் இருந்தார்கள். ஒருநாள் கதவருகே தரைப்பலகை உள்ளே போய், சைமா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி, பிறகு விடுதி. பலகைக்குக் கீழே சுவரின் அடிமரமே மக்கியிருந்தது. ஆர்வோ வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய மரத்தை உருவி, புது பைன் மரத்தைக் கோடாலியால் செதுக்கிச் செருகினார். எல்லாம் கையாலேயே. ஊரே வந்து பார்த்துப் பாராட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்துச் சுவரைப் பிரித்தார், பிறகு அதற்கடுத்ததை. இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அவர் சவுனா என்ற நீராவிக் குளியலறையில் படுத்துக்கொள்கிறார், தாய் விடுதியில்.

வீட்டைச் சுற்றி வந்தேன். பின்சுவரிலிருந்து கழற்றிய ஒரு மரம் புல்லில் கிடந்தது. சுத்தியலை எடுத்துத் தட்டினேன். கணீரென்றது.

"இது நல்ல மரமாச்சே. இதை ஏன் எடுத்தே?"

"சந்தேகமா இருந்துச்சு."

"எனக்கு உன் மேலதான் சந்தேகமா இருக்கு. சொல்லு."

ஆப்பைக் கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் சுவரடியில் மண்ணும் ஃபிர் மரக் கிளையும் குவிப்போம், தரைக்குக் கீழே குளிர்காற்று புகாமலிருக்க. பனி உருகியதும் அதை வாரி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஈரம் மரத்தைத் தின்றுவிடும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"நான் எடுக்கல நர்ஸம்மா. ஒரு வருஷம் லாரி வேலை. அடுத்த வருஷம் முட்டிவலி. அப்புறம் சும்மாவே விட்டுட்டேன். அம்மா கேக்கும்போதெல்லாம் எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். அவ இடுப்பை நான்தான் உடைச்சேன். அவளுக்கு அது தெரியாது."

"அதனாலதான் வீடு ஆகவே மாட்டேங்குதா?"

ஆப்பை மறுபடியும் கையில் எடுத்தார். இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாகிவிட்டது. படுக்கையருகே உட்காரத் தைரியமில்லாமல் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டே இருப்பார்கள். ஆறுதல் சொன்னால் இன்னும் கொஞ்சம் பிளப்பார்கள். நான் வாசலுக்குப் போனேன். புது அடிமரம்தான் நிலைப்படி, என் முழங்கால் உயரம் இருந்தது.

"உங்கம்மா பிடிச்சு நடக்கற வாக்கர் இதைத் தாண்டாது. அறுக்கணும்."

"அதை மட்டும் சொல்லாதீங்க! தாத்தா வச்ச உயரம், அப்படியே வச்சிருக்கேன். இந்த மரத்துக்காகக் காடெல்லாம் அலைஞ்சேன்."

"தாத்தா வரப்போறதில்ல. அம்மாதான் வரணும். கையைக் கழுவு, போலாம்."

வழியில் ஏலக்காய் ரொட்டி வாங்கினார். விடுதியில் அதைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, தொப்பியைப் பிசைந்தபடி நின்றே எல்லாவற்றையும் சொன்னார். நான் நகவெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சைமா ரொட்டியைப் பிய்த்தாள்.

"தெரியும்."

"எப்படிம்மா?"

"இடுப்போட சேர்ந்து கண்ணுமா உடைஞ்சுது? நீ அள்ளாம விட்ட அந்த மண்ணு மேலதான் காஞ்சொறிக் கீரை முளைச்சுது. பறிச்சு சூப் வச்சேன். நீ ரெண்டு தட்டு குடிச்சியே!"

ஆர்வோவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் விடவில்லை.

"இடுப்பு போச்சு, சரி. வயசான எலும்பு, எங்க விழுந்தாலும் உடையும். அதுக்கு நான் கோவப்படல. ரெண்டு வருஷமா என்னை இங்க போட்டு வச்சியே, அதுக்குத்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வந்து மரத்தைப் பத்திப் பேசிட்டுப் போவே."

"வீட்டை நல்லா பண்ணிட்டுத்தான் கூப்பிடணும்னு..."

"நான் கேட்டேனா? அடுப்பு எரியுதா, கட்டில் இருக்கா, போதும்." என் பக்கம் திரும்பினாள். "ஏ பொண்ணே, நான் நடந்து உள்ள போக முடியுமா?"

எனக்கு எழுபது வயது. அவளுக்கு நான் இன்னும் பொண்ணுதான்.

"இன்னிக்கு முடியாது. நிலைப்படி ஒசரம்."

சைமா மகனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் மீதி ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். திரும்பும் வழியில் ஆர்வோ காரை மெதுவாக ஓட்டினார். மன்னிப்பு கிடைத்ததா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து வாக்கரை வாங்கிக்கொண்டு நான் போனபோது, மரத்தூளில் மண்டியிட்டு அறுத்துக்கொண்டிருந்தார். தன் கையால் செதுக்கி இழைத்த மரத்தில் ரம்பம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சுவர் விலகாமலிருக்க அடியில் இரும்புப் பட்டை ஏற்கெனவே அறைந்திருந்தார். அறுத்த துண்டு விழுந்ததும், வாக்கரைப் பிடித்துத் தானே உள்ளே நடந்து பார்த்தார். முன்சக்கரம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரச்சிம்பில் தட்டியது. உளியால் அதை எடுத்துவிட்டு மறுபடியும் நடந்தார். தட்டவில்லை.

பிறகு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கார் சாவியை எடுத்தார். பின்சுவரில் அந்த ஒரு மரத்துக்கான இடைவெளி அப்படியே இருந்தது. நான் அதில் தார்ப்பாய் கட்டினேன்.