அமரர் வைத்திலிங்கத்துக்கு ஒரு பார்சல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, தபால் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் என் அப்பாவைக் கேட்டார்கள்.

அப்பா இறந்து பதினொரு வருடமாகிறது.

"வைத்திலிங்கம்னு போட்டிருக்கு. அவரையே ஐ.சி. கார்டு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க அங்கிள்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நம் தமிழ்ப் பெண்தான்.

"அவர் இறந்துட்டாரும்மா."

"அப்புறம் எப்படி ஆர்டர் பண்ணாரு?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா ஓட்டிய சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்சக்கரத்தின் நடுவே மூன்று கியர். அதை மாற்றுவதற்கு அச்சுக்குள் போகும் ஒரு விரல் நீளக் கம்பி, அதன் முனையில் ஒரு குட்டிச் சங்கிலி. அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அறுந்தால், இருப்பதிலேயே கனமான கியர் மட்டும்தான் மிஞ்சும். என் வீடோ தண்ணீர்மலைப் பக்கம், மேட்டில். தினமும் தள்ளிக்கொண்டு ஏறினேன். "பஞ்சரா அங்கிள்?" என்று கேட்காத அண்டை வீட்டுக்காரர் இல்லை.

ஜெலுத்தோங்கில் உள்ள சீனர் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். "தாக் அடா லா" என்றார். இல்லையாம். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த மாடலும் இனிமேல் வராது என்பதுபோல.

அப்போதுதான் என் ஆபீஸ் சந்திரன் வந்தான். கம்ப்யூட்டர் பிரிவு. வீட்டில் இன்டர்நெட் வைத்த நாளிலிருந்து அவனுக்கு உலகமே பக்கத்துத் தெரு. "அண்ணே, அதுல கிடைக்காத சாமானே இல்ல. உட்கார்ந்த இடத்துல ஆர்டர். வீட்டு வாசலுக்கு வந்து நிக்கும்."

வாசலுக்கு வந்தது சாமான் அல்ல. 'பார்சல் வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளவும்' என்ற அட்டை. அது பிறகு.

முதலில் படிவம். இங்கிலாந்துக் கடைக்காரனின் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று என் பெயருக்கு. இன்னொன்று குடும்பப் பெயருக்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒரு பெயர், இன்னாரின் மகன் என்று காட்ட நடுவே அரசாங்கம் போட்ட ஏ/எல். அவ்வளவுதான். ஐ.சி. அடையாள அட்டையில் உள்ளபடியே அடித்தேன். நடுவிலுள்ள சாய்கோட்டைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. சிவப்பு எழுத்தில் திட்டியது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். மறுபடி சிவப்பு. சைக்கிள் கம்பி விற்கிறவனுக்கு என் குலம் கோத்திரம் எதற்கு... சம்பந்தம் பேசவா?

மூன்றாவது முறை அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். உடனே பச்சைக்கொடி. மறுநாள் ஒரு கடிதமும் கம்ப்யூட்டரில் வந்தது. "அன்புள்ள திரு. வைத்திலிங்கம், உங்கள் பயணம் இனிதாகுக." அந்தப் பயணம் எங்கே முடிந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பார்சலின் மேலும் அந்தக் குடும்பப் பெயர் மட்டும்தான். என் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை.

கவுண்டரில் எனக்குப் பின்னால் நின்றவர் என் காதருகே, "நான்தான் வைத்திலிங்கம்னு சொல்லி வாங்கிக்கிட்டுப் போங்கண்ணே. யாரு பாக்கறா?" என்றார். எனக்குப் பொய்யே வராது என்றில்லை. கையெழுத்துப் போட்டுச் சொல்லும் பொய் வராது. அதோடு, என் பையில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். நான் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருப்பவன். அதை எடுத்து நீட்டினேன். அங்கேதான் கெட்டது.

மேலதிகாரி வந்தார். சான்றிதழைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுவரை அது வெறும் பார்சல். இப்போது ஒரு கேஸ்.

"இறந்தவர் பேருக்கு வந்த சாமான். வாரிசுங்க எல்லாரும் ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். எத்தனை பேரு?"

"ரெண்டு."

"பத்து நாளைக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா வந்த இடத்துக்கே போயிடும்."

இரண்டாவது வாரிசு பாயான் பாருவில் இருக்கிறார். என் அண்ணன். பதினொரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. காரணம்? அந்த சைக்கிள்தான்.

அப்பா அண்ணன் வீட்டில்தான் காலமானார். காரியங்கள் முடிந்த மறுநாள், அங்கே நின்ற சைக்கிளை நான் ஏறி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. 'திருடிக்கொண்டு போய்விட்டான்' என்று சொந்தக்காரர்கள் நடுவில் அண்ணன் சொன்னார். நான் பதில் எழுதினேன். இரண்டு பக்கம், பத்திகளுக்கு எண் போட்டு. அதற்குப் பதில் வரவில்லை. எண் போட்ட கடிதத்துக்கு எந்த அண்ணன்தான் பதில் எழுதுவார்?

என் டைரியில் அந்த வாரம் இப்படி இருக்கிறது. புதன்: போகவில்லை. வியாழன்: மழை. வெள்ளி: மழை இல்லை, போகவில்லை. சனி: பேனா மை மாற்றினேன்.

ஞாயிறு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அண்ணன், "என்னா?" என்றார்.

"ஒரு கையெழுத்து வேணும்ணே."

"எதை விக்கப் போற?"

"விக்கல. பார்சல்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வாசலில் நின்றே படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அவரும் அப்பாவின் பிள்ளைதானே.

"அப்பா இப்போ லண்டன்லேருந்து சாமான் வரவழைக்கிறாரா? உயிரோட இருந்தப்போ ஒரு பெல் வாங்க மூணு மாசம் யோசிச்ச மனுஷன்."

உள்ளே அண்ணி சிரிப்பது கேட்டது.

"என்னா சாமான்?"

"கியர் சங்கிலி. அறுந்துபோச்சு. மேட்டுல தள்ளிக்கிட்டுத்தான் ஏறறேன்."

"நல்லா வேணும் உனக்கு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டியவர் விடவில்லை. ஒரு முனை அவர் கையிலேயே இருந்தது.

"மாட்டத் தெரியுமா?"

"புக் ஒண்ணு வச்சிருக்கேன்."

"புக்கு..." படிவத்தை விட்டார். "முழுசா முறுக்கிட்டு அரைச் சுத்து பின்னாடி திருப்பணும். இல்லேன்னா மறுபடி அறுந்துரும். அப்பா எனக்குத்தான் காட்டிக் குடுத்தாரு. உனக்குக் காட்டல. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் நீ கையை வைக்காத."

மறுநாள் பார்சல் கிடைத்தது. விரல் நீளக் கம்பிக்கு இரண்டு ஜோடி சப்பாத்து கொள்ளும் பெட்டி. உள்ளே முழுக்க வெள்ளைப் பஞ்சுக் கட்டிகள். ஒரு கைப்பிடிச் சங்கிலிகூட இல்லாததை இவ்வளவு பத்திரமாக அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, யாருக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். முறுக்கினார். அரைச் சுற்று திருப்பினார். "ஓட்டிப் பாக்கணும்" என்று அவரே ஏறிக்கொண்டார். மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறிப் போனார். தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் வரை போய் வரப் பத்து நிமிடம் போதும். இருபத்தெட்டு நிமிடமாயிற்று.

"இந்தத் தடவை அவரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரா?" என்றாள் என் மனைவி.

வந்து இறங்கியவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "கியர் பரவால்ல. பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு. மாத்து" என்றார். காப்பி குடித்தார். போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்து எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீசில் சந்திரனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் அசரவில்லை. "சின்ன விஷயம்ணே. அடுத்த தடவை ரெண்டு கட்டத்திலயும் உங்க பேரையே போட்டுடுங்க. பிரச்சினையே வராது."

பிரேக் கட்டை ஜெலுத்தோங் கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

நேற்று நான் அதை இங்கிலாந்தில் ஆர்டர் செய்தேன். இரண்டாவது கட்டத்தில், நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன்... வைத்திலிங்கம்.