பால் ஊறச் சமைத்த சுறா

மகன் பிறந்த பின், பால் ஊறட்டும் என்று மாமி நாள்தவறாமல் சுறா வறை செய்து தந்தார். கணவரும் பெரிய சுறாவாகப் பார்த்து வாங்கி வருவார்.

ஒரு மத்தியானம், மீனில் சேர்ந்த பாதரசத்தால் ஜப்பானில் குழந்தைகளின் நரம்புகள் பாதிக்கப்பட்டதை வானொலியில் சொன்னார்கள். பெரிய மீன்களில் அது கூடுதலாம். வாயிலிருந்த கவளத்தைத் துப்பினேன். மடியில் கிடந்த மகனின் கை நடுங்கியது.

"மாமி, இவன்ர கையைப் பாருங்கோ!"

"சும்மா இரு பிள்ளை. ரேடியோக்காரனே உனக்குப் பால் ஊறப் பண்ணுவான்?" என்றவர், கையைப் பார்த்ததும் குடையை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தட்டியும் மடக்கியும் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பச்சைக் குழந்தையளுக்குக் கை இப்பிடி நடுங்கும். ஆனால் பெரிய சுறாவைத் தினமும் சாப்பிட வேண்டாம். அது திண்ட மீனுகளின்ர பாதரசமெல்லாம் அதிலதான் சேரும்" என்றார் டாக்டர்.

"அப்ப பாலுக்கு?" என்றார் மாமி.

"பிள்ளை அழுற நேரமெல்லாம் பால் குடுக்கச் சொல்லுங்கோ. தானாய் ஊறும்."

இப்போது எங்கள் குசினியில் சின்னக் காரல் மீன் சொதிதான். சுறா கொண்டுவரும் மீன்காரரை மாமியே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார். நான் மட்டும், பால் கொடுக்கும்போதெல்லாம் மகனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.