குழாய்க்காரரின் கழுத்து அடைப்பு

ஊருக்குச் சொல்லும் புத்தியை ஒருவர் தன் உடம்புக்கும் சொல்லிக்கொள்வாரா? முப்பது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்த அவர், அடைப்பு என்று கூப்பிட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: கம்பி விட்டுக் குத்தினால் கசடு பெயர்ந்து வேறிடத்தில் போய் அடைக்கும்; அறுத்துத் திறந்து சுரண்டுவதே சரி.

ஒரு காலையில் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய இடது கை மரத்துப்போய் ஸ்பேனர் நழுவியது. பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது. ஆனால் கழுத்தின் வலப்பக்க ரத்தக்குழாய் உள்ளே கொழுப்பு படிந்து வெகுவாகச் சுருங்கியிருப்பதை மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் காட்டியது. அப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் மருத்துவர். "கழுத்தைத் திறந்து சுத்தம் பண்ணலாம். இல்லன்னா தொடை வழியா ஸ்டென்ட்னு ஒரு சின்ன வலைக்குழாயைக் கொண்டுபோய் விரிச்சு வைக்கலாம். கழுத்துல வெட்டு இருக்காது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனா பண்ணும்போதே பக்கவாதம் வர்ற ஆபத்து அதுல கொஞ்சம் கூட."

"கசடு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா?"

"மேல சின்னதா ஒரு வடிகட்டி வைப்போம். பெரும்பாலும் பிடிச்சிடும். முழு உத்தரவாதம் கிடையாது. உங்களுக்கு ரெண்டுமே ஒத்துவரும்."

"இவர்கிட்ட போய்க் கேக்கறீங்களே டாக்டர். அறுக்கத்தான் சொல்வாரு," என்றாள் மனைவி.

அவர் ஸ்டென்ட் வைக்கச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் மருத்துவர் கைகளைத் தூக்கச் சொன்னார். இரண்டும் ஒரே உயரத்துக்கு எழுந்தன.

"அப்பாடா, பாத்திரம் தேய்க்க ஆள் இருக்கு," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் அறுக்கச் சொல்லல?" என்று பிறகு அவள் பலமுறை கேட்டாள். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, அவர் வேலைக்குக் கிளம்புவார்.