லாரியில் ஏறிய மகானுபாவர்

கனடாவில், வின்னிபெக்கில் எங்கள் கணினி விளையாட்டுக் கம்பெனியில் டெரன் ஹுசுலாக் என்றொரு மகானுபாவர் இருந்தார். இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மோதும் போர் விளையாட்டு எங்களுடையது. போர்முனை எப்படி நகர வேண்டும், தோட்டாவும் குண்டும் எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வடிவமைத்தவர் அவர்தான். வேறொன்றும் அவருக்குத் தெரியாது. இதுவும் தெரியாது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சுவர்த் திரையில் இரு படைகளுக்கும் நடுவே சிவப்புக் கோடு ஒன்று நெளியும். பெரோகிக் கொழுக்கட்டையை மென்றுகொண்டே அதன் முன்னால் நின்று, "உயிரோட இருக்கு பாரு" என்பார். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

விளையாட்டில் ரயிலடியிலிருந்து போர்முனைக் கிடங்குக்கு ஆடுகிறவர்களே லாரியில் தோட்டாச் சரக்கு கொண்டுபோக வேண்டும். துப்பாக்கியைத் தொடாமல் லாரி ஓட்டுவதற்கென்றே வரும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களைக் கண்டால் டெரனுக்கு இளக்காரம்.

"சுடத் தெரியாததுங்கதான் லாரி ஓட்டும்" என்பார்.

எதிரி நெருங்கினால் முனைக் கிடங்கின் கதவு தானே மூடிக்கொள்ளும் என்று ஒரு விதி வைத்தார். சரக்கு எதிரி கைக்குப் போகக் கூடாதாம்.

"அப்ப நம்ம ஆளுங்களுக்குத் தோட்டா?" என்று கேட்டேன்.

"நீ நிரல் எழுதுறதோட நிறுத்திக்க. போர நான் பாத்துக்கறேன்."

பார்த்துக் கிழித்தார். அலுவலகத்தில் சோதிக்கும்போது ஒரு பொத்தானைத் தட்டினால் தோட்டா நிரம்பிவிடும். வருஷக்கணக்கில் அதைத் தட்டியேதான் சண்டை போட்டோம். லாரியை யாரும் சீந்தவில்லை.

ஒரு நாள் காலையில் விளையாட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டோம். வந்தவர்கள் தங்கினால்தான் கம்பெனி பிழைக்கும், இல்லையென்றால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளியம்மா லோரெய்ன் சொல்லியிருந்தார். மத்தியானத்துக்குள் கோடு அசையாமல் நின்றுவிட்டது. தோட்டா தீர்ந்த இரு படைகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஹாக்கி பேசிக்கொண்டிருந்தன.

"முட்டாப் பசங்க, ஆடத் தெரியல" என்றார் டெரன்.

"நீ ஒரு லாரி எடு. நாங்க பாக்கறோம்" என்றார் லோரெய்ன்.

சரக்கை எப்படி ஏற்றுவது என்று தெரியாமல் மகானுபாவர் ரயிலடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்த எனக்கு வெட்கமாயிருந்தது. மூஸ்ஜாக்காரன் என்ற பெயரில் ஆடிய ஒருவர் இரக்கப்பட்டு எழுதினார்: "புதுசா தம்பி? நான் ஏத்தித் தரேன். என் பின்னாடியே வா."

போனார்கள். எதிரி பக்கத்திலேயே இருந்ததால் கிடங்குக் கதவு மூடியிருந்தது. அதற்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன.

"காலையிலேருந்து இதே கதைதான். இந்த விதிய எழுதினவன் ஒரு நாளாவது லாரில ஏறியிருப்பான்னா நினைக்கிற? நான் கிளம்பறேன் தம்பி" என்று எழுதிவிட்டு அந்த மனுஷர் போய்விட்டார். வரிசையில் இன்னும் பல பெயர்கள் அணைந்தன.

"பொறுமையில்லாத ஜனங்க" என்றார் டெரன்.

லோரெய்ன் என்னிடம், "கதவத் திற" என்றார்.

"என்னக் கேக்காம விதியத் தொடக்கூடாது."

"நீ லாரிய விட்டு இறங்காத டெரன்."

திறந்தேன். மற்ற லாரிகள் உள்ளே போயின. சரக்கை எப்படி இறக்குவது என்று டெரன் எங்களைக் கேட்டார். அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

லோரெய்ன் குனிந்து, ஆடுகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதினார்: "கதவு மூடற விதிய எழுதினவர் இந்த லாரிலதான் உக்காந்திருக்கார். சரக்கு இறக்கத் தெரியல. யாராவது சொல்லிக்குடுங்க."

சேதி பரவி, கிளம்பிப் போனவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதற்கென்றே திரும்பி வந்தார்கள்.