கேட்காமல் போட்ட கையெழுத்து

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று, தொண்ணூறுகளில் எங்கள் ஊராட்சிக்கு மெம்பரானேன். காங்கேயம் பக்கம். அஞ்சாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச்சே வராது.

ஒரு கூட்டத்தில் தலைவர், "இனித் தண்ணி விடறதை ஒரு கம்பெனி பாத்துக்குமுங்க. ஊட்டுக்கு ஊடு குழாய் வருமுங்க" என்று தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். அப்போ தெருக்குழாய் என்னாகும் என்று கேட்க நினைத்தேன். சுற்றிலும் ஆம்பளைகள். "ஏனுங்கம்மணி, ஊட்டுக்காரரைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில் சட்டென்று போட்டுவிட்டேன்.

மூணு மாசத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தெருக்குழாயை அடைத்துவிட்டார்கள். இணைப்பு வாங்க வசதியில்லாத பக்கத்துத் தெரு பாத்திமா, வெறுங்குடத்தோடு நின்று மற்ற பெண்களிடம் சொன்னாள்: "மெம்பரக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா உட்டிருப்பாங்களா? அவங்களை ஏமாத்திப்போட்டாங்க."

நான் அங்கேதான் நின்றேன். 'எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு, கேக்காமப் போட்டுட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் குடத்தை வாங்கிப்போய் எங்கள் வீட்டுக் குழாயில் நிறைத்துக் கொடுத்தேன்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க அக்கா" என்றாள்.

இன்றைக்கும் குழாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது. அது எனக்குச் சேர வேண்டியதல்ல.