மூன்றாம் மாடி மாப்பிள்ளை

கடையில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்த அன்று, மடிப்புக் கலையாத சட்டையும் கடிக்கிற புது ஷூவுமாக நின்றவனைப் பார்த்து, "என்ன, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கற?" என்று கேட்டாள் முதலாளியம்மா. பெண் பார்க்கும் பேச்சு எழுந்ததுமே ஊரை விட்டுக் கிளம்பி வந்தவன் அவன். அவனுக்குப் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடை இருந்தது மதுக்கூடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில், மூன்றாம் மாடியில். ஆண்களுக்கு மட்டுமான மசாஜ் நிலையம். ஆண்களை விரும்பும் ஆண்கள், அதிலும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பயணிகள், போனில் தேடிக் கண்டுபிடித்து மூச்சு வாங்க ஏறி வருவார்கள். பலகைத் தடுப்பு போட்டுப் பிரித்த நான்கு அறைகள். ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் கறுப்பு வண்ணம் அடித்திருக்கும். குழந்தைகளின் பால்புட்டியைச் சூடாக்கும் கருவியில்தான் எண்ணெயைச் சூடாக்குவார்கள். கீழே பாட்டு போட்டால் அந்த எண்ணெய் அதிரும்.

மசாஜோடு நிற்காமல் வேறு எதையாவது எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை துண்டைச் சரியாக இழுத்து மூடிவிட்டு, "கை மட்டும்தான் சார்" என்பான். கோபித்துக்கொண்டு போனவர்கள் சிலர். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கையே போதுமானதாக இருந்தது. சொந்த ஊரில் பக்கத்தில் நிற்கும் ஆளின் தோளைத் தொடக்கூட யோசிக்கிறவர்கள், ஒரு மணி நேரம் பயமில்லாமல் படுத்திருந்துவிட்டுப் போவார்கள். சிலர் குப்புறப் படுத்தபடியே அழுவார்கள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவனும் அவர்களைப் போன்றவன்தான். ஊரில் யாரிடமும் சொல்லியதில்லை.

அக்காவிடம் அவன் சொல்லியிருந்தது வேறு. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அக்கா. பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்கு இரண்டு வருஷம் படிக்க வைத்தவளும் அவள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தான். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் போன் வரும். மொட்டைமாடியில் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்று, இல்லாத வார்டைப் பற்றியும் இல்லாத நோயாளிகளைப் பற்றியும் சொல்வான். ஒரு கிழவருக்கு முழங்கால் சரியாகிவிட்டது என்று சொன்னால், அடுத்த வாரமும் நினைவு வைத்துக் கேட்பாள்.

ஒருநாள் போனில், "கழுத்து திருப்ப முடியலடா. அடுத்த மாசம் உன் ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்" என்றாள்.

"இங்க எதுக்குக்கா? அங்கயே நல்ல டாக்டருங்க இருக்காங்களே."

"தம்பி வேலை பாக்கற எடம் இருக்கும்போது கண்டவன்கிட்ட கழுத்தைக் குடுக்கச் சொல்றியா?"

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வருவதற்குள் உண்மையாகவே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து மனுப் போட்டான். முதலாளியம்மாவிடம் அனுபவச் சான்று கேட்டான். அவள் மனசாரப் புகழ்ந்துதான் எழுதிக் கொடுத்தாள். ஆனால் கடிதத்தின் தலைப்பில் இரண்டு ஆண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் படமும், அந்தத் தெருவின் பெயரும் இருந்தன. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே எடுக்கவே இல்லை.

நேர்காணல் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் துறையின் தலைமை டாக்டர். மாப்பிள்ளைக்கு முதலில் தெரிந்தது முகம் அல்ல, வலது தோளை லேசாக உயர்த்தி உட்காரும் அந்த விதம். நாலு வருஷமாக அவன் பிடித்துவிடும் தோள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்கு வருபவர். விமானத்திலிருந்து நேராக வருவதாகச் சொல்வார். ஒருநாள் அந்தப் பெட்டியை நகர்த்தி வைக்கப் போனவன், அது காலி என்று தெரிந்து, தெரியாதவன்போல் இருந்துவிட்டான். இப்போதுதான் புரிந்தது. இந்த ஊர்க்காரர் இதே ஊரில் பயணியாக வேஷம் போட்டிருக்கிறார்.

டாக்டரும் அவனைப் பார்த்துவிட்டார். தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "இந்தப் பத்து வருஷம் எங்க வேலை பாத்தீங்க?"

"தனியார் நிலையத்துல மேடம்."

"பேரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "இவருக்கு அனுபவம் பத்தாது. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

அந்த அனுபவத்தை முதுகில் வாங்கியவரே அப்படிச் சொன்னார். மாப்பிள்ளை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அடுத்த ஆள், "கஷ்டமா கேக்கறாங்களா?" என்று கேட்டான். "இல்ல, ஈஸிதான்" என்றான்.

அக்கா சொன்னபடி வந்து இறங்கினாள். தன் வாடகை அறையில் உட்காரவைத்து அவனே கழுத்தைப் பிடித்துவிட்டான். பாதி வலி போய்விட்டது. "இந்தக் கை எத்தனை நோயாளியப் பாத்திருக்கும்!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அவன் லீவு என்றான், ஆஸ்பத்திரி தூரம் என்றான், கூட்டம் என்றான். அவள் கேட்பதாக இல்லை. மறுநாள் அவளை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே வழி தெரிந்த ஆஸ்பத்திரி அவனுக்கு அது ஒன்றுதான். சாதாரண நோயாளியாகச் சீட்டு வாங்கிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது அவன் கணக்கு.

அக்கா சும்மா இருந்தால்தானே! போகிற நர்சை எல்லாம் நிறுத்தி, "இவன் என் தம்பி, இங்கதான் வேலை" என்றாள். ஒரு நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்து, "எந்த வார்டு?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் எதிர்க் கதவைத் திறந்துகொண்டு தலைமை டாக்டர் வந்தார்.

அவனைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் குரல் மட்டும் உரக்க வந்தது. "அட, நம்ம ஆளு! வாங்க, வாங்க. அக்காவா? உள்ள கூட்டிட்டு வாங்க."

வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க, அக்கா ராணிபோல் உள்ளே போனாள். "எங்க தம்பி ஒழுங்கா வேலை பாக்கறானா டாக்டர்?"

"இவரு கைக்கு ஈடே கிடையாதும்மா" என்றார். அது ஒன்றுதான் அந்த அறையில் பேசப்பட்ட நிஜம்.

எக்ஸ்ரே எடுக்க அக்காவை அழைத்துப் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். "உனக்கு என்ன வேணும், சொல்லிடு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"ஒண்ணும் வேணாம் சார். அக்காவுக்குக் கழுத்து வலி. அவ்வளவுதான்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவன்தான்யா பெருசாக் கேப்பான்."

அவர் பயத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. பயப்படாதீர்கள் என்று சொல்லத்தான் நினைத்தான். அதைச் சொன்னால் அதுவும் மிரட்டலாகத்தான் கேட்கும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எவ்வளவு மரியாதை! இனிமே என்னடா தடை? உங்க மாமா ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்காரு. டீச்சர்."

"எனக்குக் கல்யாணம் வேணாம்க்கா. எப்பவுமே வேணாம்."

அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? உன் பதினாறு வயசுலேருந்து தெரியும். அதனாலதான் சீக்கிரம் முடிக்கணும்ங்கறேன். ஒருத்தி வந்துட்டா ஊர் வாய் மூடிக்கும்."

"வர்ற ஒருத்தி?"

அக்கா இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா ஊருக்குப் போன நாலாம் நாள் டீச்சரின் போட்டோ வந்தது. அடுத்த வாரம் நிச்சயத்துக்குத் தேதி குறித்தாயிற்று என்று மாமா சொன்னார். "ஆஸ்பத்திரி உத்தியோகம், பெரிய டாக்டரே தோள்ல கை போட்டுப் பேசறாரு" என்று அங்கே பேச்சு பரவியிருந்தது. டாக்டர் சொன்ன பொய்யை இனி அவனே நினைத்தாலும் பொய்யாக்க முடியாது.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, டீச்சரின் நம்பரைத் தேடிப் பிடித்து மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டான்.

"என்னை வேணாம்னு சொல்லிடுங்க" என்றான், எடுத்த எடுப்பில்.

"ஏங்க? வேற பொண்ணு இருக்காளா?"

"பொண்ணு இல்லீங்க."

அந்த வார்த்தையை அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு ஏதோ எட்டியிருக்க வேண்டும். "ஓ" என்றாள். பிறகு, "சொன்னதுக்கு தேங்க்ஸ். சொல்லாம ஒருத்தர் கட்டிக்கிட்டாரு, எங்க சித்தி மகளை" என்றாள். "நான் வீட்ல என்ன காரணம் சொல்லட்டும்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. கீழே மதுக்கூடத்துப் பலகை கண்ணில் பட்டது. "குடிக்கறேன்னு சொல்லுங்க."

டீச்சர் நன்றாகவே சொல்லிவிட்டாள். போனிலேயே உளறினான் என்று சேர்த்தும் சொன்னாள். வாழ்நாளில் ஒரு மிடறு தொடாதவன், ஒரே வாரத்தில் ஊர் முழுக்கக் குடிகாரனானான். மாமா அவன் பேரை எடுத்தாலே பல்லைக் கடித்தார். மூன்று மாதம் நான்கு மணிக்குப் போன் வரவில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு மாப்பிள்ளை துண்டு காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் நின்றான். டாக்டரும் அதன்பின் கடைக்கு வரவில்லை. முதலாளியம்மா மட்டும், "அந்தக் காலிப் பெட்டிக்காரரை எங்க காணோம்?" என்று இரண்டு தரம் கேட்டாள். தெரியாது என்றான்.

மழை விட்டு வெயில் அடித்த ஒருநாள் நான்கு மணிக்குப் போன் வந்தது. அக்காவைச் சுற்றி யார் யாரோ பேசும் சத்தம்.

"என்னடா, குடியை விட்டுத் தொலைச்சியா இல்லியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதட்டினாள்.

"விட்டுட்டேன்க்கா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "பைத்தியமே, விட்டுட்டேன்னு சொல்லாதடா. சொன்னா அடுத்த போட்டோ வந்துரும்."

"கழுத்து எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"இருக்கு. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றான். கீழே யாரோ படியேறி வந்து அழைப்புமணியை அடித்தார்கள். வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, துண்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கினான்.